பள்ளமாக இருக்கும் பல்

இன்றும் விரல்களில் புதினா வாசம். பல் அச்செடுக்கும் சிலிக்கோனை வெறுங்கையால்தான் பிசைகிறேன். ரப்பர் கையுறை பட்டால் அது இறுகாது. "பால்மரம் சீவுன குடும்பத்துப் பிள்ளைங்க, ரப்பரே ஆகாத வேலைக்கு வந்துருக்கோம் பாரு" என்று சிரிப்பாய். டிங்கிக் காய்ச்சல் என்று விடுப்பு எடுத்தவள் நீ திரும்பவே இல்லை. ஒரு வருடம் ஆகப்போகிறது.

சோதனைக்கூடத்தில் எதுவும் மாறவில்லை. இறுகிய உருளையை இயந்திரத்தில் வைத்து அமுக்குகிறேன், விடுகிறேன், பழைய உயரத்துக்கு எவ்வளவு மீளவில்லை என்று அளக்கிறேன். பட்டைகளை இழுத்துக் கிழிப்பது உன் வேலை. அதையும் இப்போது நானே செய்கிறேன். களைப்பாக இருக்கிறது.

இந்தச் சோதனைகளுக்கு யாருடைய வாயும் தேவையில்லை. ஆனாலும் ஒரு மத்தியானம், மிஞ்சிய கலவையைப் பார்த்து, "என் வாயில வச்சு எடுலா" என்றாய். மேல்வரிசையில் துருத்திய ஒரு பல்லுக்காக எல்லாப் படத்திலும் உதட்டை மூடிக்கொள்பவள் நீ. "மத்தவங்க கண்ணுக்கு எப்படித் தெரியுதுன்னு பாக்கணும்."

இறுகும்வரை ஆடாதே என்றேன். மூக்கால் சிரித்தாய். வெளியே இழுத்தபோது அந்தப் பல்லைத் தாண்டுகையில் அச்சு நெளிந்து, கிழியாமல் மீண்டது. வாங்கித் திருப்பிப் பார்த்தாய். அச்சில் எல்லாமே எதிர்மாறு. பல் துருத்திய இடத்தில் ஒரு பள்ளம்.

"ஐயோ, இதுல நான் அழகா இருக்கேன்டி! பிளாஸ்டர் ஊத்திப் பல்லா ஆக்கிடாத. பள்ளமாவே இருக்கட்டும். யாருக்கும் காட்டாத."

"ஆமா, உன் பல்லைக் கேட்டு வரிசையில நிக்கிறாங்க" என்றேன்.

போன ஞாயிறு உன் அம்மா ராசா ஊரிலிருந்து கோலசிலாங்கூருக்கு, என் வீட்டுக்கு வந்தார். வருடப் பூசைக்குப் படம் வேண்டுமாம்.

"சிரிக்கிற படம் ஒண்ணாச்சும் உன்கிட்ட இருக்குமாம்மா? வீட்ல இருக்கிற எல்லாத்துலயும் வாயை மூடிக்கிட்டு நிக்கிறா. அவ பல்லே எனக்கு மறந்துரும் போல."

அச்சு பக்கத்து அறை இழுப்பறையில் இருந்தது. ஒரு கிண்ணம் பிளாஸ்டர் போதும். அவர் சாப்பிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்து எழுவதற்குள் இறுகிவிடும்.

"இல்லம்மா" என்றேன்.

"பரவால்லம்மா. நீயும் இளைச்சுப் போயிட்ட" என்று என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் பஸ் ஏறினார்.

கேட்டவர் இருக்கிறார், வேண்டாம் என்றவள் இல்லை. இருந்தும் உன் பக்கமே நின்றேன். நின்றது சரிதானா என்று கேட்கவும் நீ இல்லை. அந்த ஒரு 'இல்லம்மா'வை எங்கும் இறக்கி வைக்க முடியாமல் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.