ஒட்டு மீசை புரோக்கர்

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. காஞ்சிபுரத்தில் இரண்டு நாள் பயிற்சி. ஆள் கடத்தலை அறிவது, தடுப்பது. பள்ளிக்கு ஓர் ஆசிரியர். எங்கள் பள்ளியிலிருந்து யார்? நான்தான். கணக்கு டீச்சர் போனால் பாடம் கெடும். அறிவியல் டீச்சர் போனால் லேப் கெடும். பி.டி. டீச்சர் போனால் யாருக்கு நஷ்டம்? ஹெச்.எம். வாய் கூசாமல் சொன்னார். கோ-கோ போட்டி வரப்போகிறது, அதெல்லாம் கணக்கில் சேராது.

ஏ.சி. ஹால். ஏ.சி. ஓடவில்லை. சென்னையிலிருந்து வந்த பயிற்சியம்மா. திரையில் கடத்தல்காரன் படம்: கறுப்புக் கண்ணாடி, முறுக்கு மீசை, கையில் சாக்லெட், பின்னால் வெள்ளை வேன். பக்கத்து டீச்சர் குறட்டை. நான் கோ-கோ ஆட்ட வரிசை போட்டேன். பவித்ராவை முதலில் விடலாமா, கடைசியிலா?

மதியம் தயிர்சாதம். புளிப்பு.

செப்டம்பர் 10, புதன்

பயிற்சியம்மா சொன்னதில் ஒன்றே ஒன்றுதான் எழுதிக்கொண்டேன், அதுவும் பேனா கையில் இருந்ததால். "புள்ளைங்க பேசறதைக் கவனிங்க. அது அவங்க சொந்த வார்த்தையா, யாரோ ஊட்டி விட்ட வார்த்தையான்னு பாருங்க." சரி, பார்த்து? அதற்குள் டீ வந்துவிட்டது.

சான்றிதழில் என் பெயர் தப்பு. கூடவே ஒரு தண்டனை. 19ஆம் தேதி பள்ளியில் விழிப்புணர்வு நாடகம் போட வேண்டுமாம். பயிற்சிக்கு வந்த ஆளே தயாரிக்க வேண்டுமாம். நாசமாய்ப் போக.

செப்டம்பர் 12, வெள்ளி

கோ-கோ ரத்து, ஒத்திகை. கதை ஹெச்.எம். எழுதியது, திரையில் பார்த்த அதே மீசைக்காரன். புரோக்கர் வேஷம் பவித்ராவுக்கு. பத்தாம் வகுப்பு, என் அணியிலேயே நல்ல ஓட்டக்காரி, தொண்டை அடுத்த ஊருக்குக் கேட்கும்.

இரண்டு வரி பேசினாள். ஒட்டு மீசையைப் பிய்த்து எறிந்தாள்.

"மிஸ், இந்த மாரி ஒர்த்தன் எங்க தெருவுல கால வெச்சா தொடப்பத்தாலயே அடிப்பாங்க. இவன் கூட எவ போவா?"

"அப்ப நீயே பண்ணிக் காட்டு, பெரிய டைரக்டர்."

துப்பட்டாவை முந்தானை மாதிரி இழுத்துவிட்டாள். காலை நீட்டி உட்கார்ந்தாள். குரலே வேறு.

"அண்ணி, உனுக்கு மட்டும்தான் சொல்றேன். நம்ம ரத்தம்ன்றதால சொல்றேன், வேற யார் கைலயும் மூச்சு உடாத. ஒரே ஒரு சீட்டுதான் கீது. ஹாஸ்டல்ல டிவி கீது. ஞாயித்துக்கெழம கோழிக் கொழம்பு. செல்போன மட்டும் வார்டன் கைல குடுத்துடணும். வூட்டு நெனப்பு வந்தா புள்ள அழும் பாரு, அதுக்குதான். மூணு வருசம் பல்ல கடிச்சிகினு இருந்தா கல்யாணச் செலவு மொத்தமா வந்துடும்."

எல்லாரும் கைதட்டினார்கள். ஹெச்.எம். கதையில் ஹாஸ்டலும் இல்லை, வார்டனும் இல்லை. அந்தப் பயிற்சியம்மா சொன்னது சட்டென்று ஞாபகம் வந்து தொலைத்தது.

குழாயடியில் தனியாகப் பிடித்தேன். அவள் அத்தை சாந்தியாம், அப்பாவின் தங்கை. கோயமுத்தூர் பக்கம் ஏதோ மில்லில் சூப்பர்வைசராம். காலாண்டு லீவு விட்டதும் இவளைக் கூட்டிக்கொண்டு போகிறாளாம். மில் பெயர்? தெரியாது. ஊர்? தெரியாது. பத்தாவது பரீட்சை?

"அங்கயே எழுதிக்கலாமாம் மிஸ். அத்த கூடதானே போறேன், அப்புறம் இன்னா?"

செப்டம்பர் 13, சனி

ஸ்கூட்டி பஞ்சர். ஒட்டிக்கொண்டு பவித்ரா வீட்டுக்குப் போனேன். அம்மா அஞ்சலை நடவு முடித்து அப்போதுதான் வந்திருந்தாள், காலெல்லாம் சேறு. சாந்தியும் அங்கேதான் இருந்தாள். சிரித்த முகம். "மிஸ்ஸுக்குக் கலர் சோடா வாங்கிகினு வா" என்று பவித்ராவைக் கடைக்கு விரட்டினாள்.

நான் கேட்டதெல்லாம் மில் பெயர்தான். அஞ்சலை பிடித்துக்கொண்டாள்.

"அவ என் நாத்தனா. அவள போயி புள்ள புடிக்கிறவன்றியா? டீச்சர்னா இஸ்கூலோட வெச்சுக்கோ. என் பொண்ணு ஓடி ஓடி உனுக்குக் கப்பு வாங்கிக் குடுக்கணும், அதான உன் கவலை?"

சுருக்கென்றது. பாதி உண்மை.

பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கும் அப்பனுக்குப் போன் போட்டேன். "தங்கச்சி சொன்னா கரெக்டா இருக்கும் மேடம்." வைத்துவிட்டான்.

கிளம்பும்போது வாசல் வரை சாந்தி வந்தாள். "உங்க இஸ்கூல்ல வேற கஷ்டப்பட்ட புள்ளைங்க இருந்தா சொல்லுங்க மிஸ், நல்ல காரியம்தான." என்னிடமே! கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். கலரைக் குடிக்கவில்லை. வழியெல்லாம் தாகம்.

செப்டம்பர் 15, திங்கள்

ஹெச்.எம்.மிடம் சொன்னேன். "குடும்ப விஷயம் டீச்சர். ஊர்ல பேஜாராயிடும். நாடகத்துல அத்தை கித்தை வேணாம், மீசையே இருக்கட்டும்." குழந்தைகள் ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டேன், விவரம் குறித்துக்கொண்டார்கள், நேரில் வர அடுத்த வாரம் ஆகுமாம். அதற்குள் லீவே விட்டுவிடும்.

வேறு வழியில்லாமல் பயிற்சியம்மாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். "ஒரு பொண்ணுக்காக யாரும் இவ்ளோ தூரம் வர மாட்டாங்க டீச்சர். இன்னும் எந்தெந்த வீட்ல சொல்லியிருக்காங்கன்னு பாருங்க." இந்தம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

வகுப்பு வகுப்பாகக் கேட்டேன். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? மூச்சு விடாதே என்று சொல்லித்தானே வைத்திருக்கிறாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பவித்ராவிடம் கேட்டேன். "உங்க அத்தை உனக்கு மட்டும்தான் சொன்னாங்களா?"

"எனுக்கு மட்டும்தான் மிஸ்." என்ன பெருமை அந்த முகத்தில்.

"அப்ப மேடையில மீசையை வைக்காதே. அன்னிக்கு பண்ணின மாதிரியே பண்ணு. வேற யாருக்காவது தெரியுதான்னு பார்ப்போம்."

"ஒர்த்திக்கும் தெரியாது. பெட்டு கட்டறீங்களா?"

கட்டினேன். அவள் தோற்க வேண்டும், வேறென்ன வேண்டுவது.

செப்டம்பர் 19, வெள்ளி

மேகமூட்டம். ஷாமியானா ஒரு பக்கம் தொங்கியது. சிறப்பு விருந்தினர் லேட். பெண்கள் பக்கம் முன்வரிசையில் அஞ்சலை, அவள் அருகே புதுப்புடவையில் சாந்தி.

பவித்ரா மீசையில்லாமல் வந்தாள். ஹெச்.எம். என்னை முறைத்தார். காலை நீட்டி உட்கார்ந்தாள். "உனுக்கு மட்டும்தான் சொல்றேன்... ஒரே ஒரு சீட்டுதான் கீது."

ஒன்பதாம் வகுப்பு வரிசையிலிருந்து ஒரு குரல். "ஹாஸ்டல்ல டிவி கீது!"

சிரிப்பு. பவித்ரா தடுமாறினாள். "ஞாயித்துக்கெழம..."

"கோழிக் கொழம்பு!" இந்த முறை நாலைந்து குரல். கத்தியவர்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பு நின்றது.

விசிலை ஊதினேன். "இதையே யார் யார் வீட்டுல வந்து சொன்னாங்களோ, கை தூக்குங்க."

ஒன்று. பிறகு இரண்டு. பிறகு எட்டு. கடைசியாக மேடையில் பவித்ரா, தலையைத் தூக்காமல் கையை மட்டும் தூக்கினாள்.

அஞ்சலை எழுந்தாள். "எனுக்கு மட்டும்னுதான சொன்ன சாந்தி?"

"கூட்டத்துல பேசற பேச்சா அண்ணி இது?" பையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். விருந்தினர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 20, சனி

ஹெச்.எம். எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருக்கிறார். எழுதிக் கிழிக்கிறேன். கை தூக்கிய ஒன்பது பேர் பெயரையும் ஹெல்ப்லைனுக்குக் கொடுத்தாயிற்று. திங்களன்றே வருகிறார்களாம், இப்போதுதான் அவசரம் புரிந்திருக்கிறது.

பத்து மணிக்கு அஞ்சலை வந்தாள். நன்றி சொல்ல வந்தாளோ என்று நினைத்தேன், பைத்தியக்காரி நான்.

"ஊரு முன்னாடி எங்க மானத்த வாங்கிட்ட."

"வாங்கினேன். இப்ப என்னங்கறே?"

"ரெண்டு வூட்ல புள்ளைக்குக் கட்டி வெச்ச துணிப் பைய இன்னும் அவுக்கல. சாந்தி போன்லயே பேசி மனச கலைச்சிகினு கீறா. நாளைக்கி வேன் வருதாம். நான் போயி சொல்றேன், நீ வண்டிய மட்டும் ஓட்டு. வாய தொறக்காத. நீ பேசினா கேக்கறவளும் கேக்க மாட்டா."

முதல் வீட்டில் எங்களைப் பார்த்ததும் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்கள். "உம் பொண்ணு போவலன்னு எம் பொண்ணையும் கெடுக்க வந்தியா?" உள்ளிருந்து வசவு. அஞ்சலை நகரவில்லை. கதவை ஒட்டி வெறுந்தரையில் உட்கார்ந்தாள்.

"அடியே, நானும்தான்டி பைய கட்டினேன். சோப்பு, சீப்பு, புது நைட்டி, எல்லாம் என் கையாலயே எடுத்து வெச்சேன். சாந்தி ஒண்ணும் புள்ளய கட்டித் தூக்க வரல, நான்தான் பைய கட்டிக் குடுத்தேன். கேக்குதா?"

நான் வாயைத் திறக்கவில்லை. உள்ளே டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.