கப்பல் பார்ப்பதை நான் விடப்போவதில்லை

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே பெரியவன், உன் அண்ணி, நான் மூவரும் சௌக்கியம். அதில் நான் கொஞ்சம் கூடுதல் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், பேத்தியின் இருமல் நின்றதா என்று உடனே எழுது. போனில் பேசியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய். நான் ஒன்று சொல்வதற்குள் “சரிம்மா, சரிம்மா, புரியுதும்மா” என்று என் வாயை அடைத்துவிடுவாய். கடிதத்தில் அந்த வசதி உனக்கு இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை குரலை உயர்த்தி, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, “அம்மா, இன்னிக்கு என்ன கிழமை, சொல்லு பாப்போம்” என்று கேட்டாயே, அப்போதே முடிவு பண்ணிவிட்டேன், இவளுக்குப் போன் சரிப்படாது என்று. உன் அண்ணன் உன்னிடம் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும். என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. முழுக்கப் படி. நடுவில் எழுந்து போய் அவனுக்குப் போன் போடாதே.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டாதீர்கள், முட்டி வலிக்குத் தினமும் நடக்கச் சொன்ன டாக்டரைத் திட்டுங்கள். அவர் சொல்லித்தான் ரிட்டயர் ஆன பிறகு துறைமுகத்துக்கு வெளியே கடலை ஒட்டிப் போகும் நடைபாதையில் நடக்க ஆரம்பித்தேன். ஒருநாள் காலையில் நம் தெருவைவிட நீளமான கன்டெய்னர் கப்பல் ஒன்று உள்ளே வந்தது. முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இழுவைப் படகுகள் பிடித்துக்கொள்ள, இருந்த இடத்திலேயே மெல்லத் திரும்பியது. இடுப்பெலும்பு உடைந்தவர்களை நாங்கள் நாலு நர்ஸுகள் சேர்ந்து கட்டிலில் திருப்பிப் படுக்க வைப்போமே, அதே நிதானம். ஒருத்தி அவசரப்பட்டாலும் காரியம் கெட்டுவிடும். நான் நடப்பதை மறந்து வாய் பிளந்து நின்றேன். வேலை பார்த்த காலம் முழுக்க என் வார்டு ஜன்னலுக்கு எதிரே ஒரு வெறும் சுவர்தான் இருந்தது என்பது உனக்கே தெரியும். அன்றிலிருந்து பிடித்த பிடியை விடவில்லை. எந்தக் கப்பல், எந்த ஊர்க் கொடி, காலியாக வருகிறதா கனத்து வருகிறதா என்று பார்ப்பேன், படம் எடுப்பேன், வீட்டுக்கு வந்து சமைப்பேன். கார்களை ஏற்றிக்கொண்டு வரும் உயரமான சதுரக் கப்பலுக்குச் செருப்புப் பெட்டி என்று பெயர் வைத்திருக்கிறேன். எப்போதாவது வந்து, வந்தால் ஊருக்கே கேட்கும்படி ஹாரன் அடிக்கும் பழைய சரக்குக் கப்பல் ஒன்றுக்குச் சம்பந்தி என்று பெயர். அங்கே எனக்குச் சிநேகிதர்களும் உண்டு. வேலையிலிருந்து ஓய்ந்த ஒரு பல் டாக்டர், பிறகு ரொட்டிக் கடையில் வேலை முடிந்து அப்படியே வந்து நிற்கும் நெட்டையான ஒரு பிள்ளை. ஒற்றைக் காலை மடக்கிச் சுவரில் ஊன்றி நிற்பான், அதனால் கொக்கு என்று கூப்பிடுகிறோம். இதில் யாருக்கு என்ன கெடுதல், சொல்.

நடந்தது இதுதான். அன்று காலை தூறல், மற்ற இருவரும் வரவில்லை. சம்பந்தி வெளியே போய்க்கொண்டிருந்தது. குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு படம் எடுக்கும்போது துறைமுகக் காவலாளி ஒருவன் வந்தான், வேலைக்குப் புதிது போல. “யாரைக் கேட்டு போட்டோ எடுக்கறீங்க?” என்றான். “யாரையும் கேக்கலப்பா, கப்பலும் ஒண்ணும் சொல்லல” என்று சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை. கேமராவை வாங்கிக்கொண்டு, பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டான். இன்ஸ்பெக்டர் ஒரு பொம்பளை, உன் வயதுதான் இருக்கும். “எதுக்கு எடுக்கறீங்க?” என்றாள். “பாக்கறதுக்கு” என்றேன். “பாத்துட்டு?” “பாத்துட்டு வீட்டுக்குப் போவேன்.” “யாருக்கு அனுப்பறீங்க?” “என் பொண்ணுக்கு அனுப்புவேன், அவ பாக்கறதே இல்ல.” ஒரு மனுஷி எந்த லாபமும் இல்லாமல் மழையில் நின்று கப்பலைப் பார்ப்பாள் என்பது அவளுக்கு நம்புகிற மாதிரி இல்லை. சந்தேகப்பட்டாள், துருவித் துருவிக் கேட்டாள். ஆனால் என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள், நானும் பதில் சொன்னேன். அந்தச் சந்தேகம் எனக்கு மரியாதையாகத்தான் இருந்தது.

அப்புறம் பெரியவனுக்குப் போன் போட்டார்கள். ஆபீஸ் அட்டை கழுத்தில் தொங்க, சட்டை நனைந்து, மூச்சு வாங்க வந்தான் பாவம். வந்தவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக மேஜைக்குப் போய், “மேடம், எங்கம்மாவுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்ல. மறதி வேற. எங்க போறோம் என்ன பண்றோம்னே தெரியறதில்ல. நான் பாத்துக்கறேன், தயவுபண்ணி விட்டுடுங்க” என்றான். சின்னவளே, அந்த இன்ஸ்பெக்டரின் முகம் மாறியதை நீ பார்த்திருக்க வேண்டும். சந்தேகம் போய் ஐயோ பாவம் வந்து உட்கார்ந்தது. அதற்கப்புறம் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. “கூட்டிட்டுப் போங்க சார், தனியா விடாதீங்க” என்று என் தலைக்கு மேலாக அவனிடம் பேசினாள். நான் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன், காது கேட்கிறது, ஆனால் நான் அங்கே இல்லை. ஆஸ்பத்திரியில் இதை எத்தனை கட்டிலில் பார்த்திருக்கிறேன். மகன் ஒருவன் வந்து “அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்று சொல்லிவிட்டால் போதும். கிழவி கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே இருப்பாள், சாப்பிட்டாங்களா, தூங்கினாங்களா என்று மகனைத்தான் கேட்பார்கள். அவள் வயிறு வலிக்கிறது என்று சொன்னால் அதுவும் மறதிக் கணக்கில் போய்விடும். அந்த வார்த்தையை ஒருவர்மேல் ஒட்டிவிட்டால் உரித்தெடுப்பது லேசில்லை.

பெரியவன் என் கையைப் பிடித்துத் தூக்கினான். நான் எழுந்தேன், வாசலுக்குப் போகவில்லை, மேஜைக்குப் போனேன். “மேடம், எனக்கு மறதியும் இல்ல, மனசும் சரியாத்தான் இருக்கு. தெரிஞ்சேதான் எடுத்தேன், நாளைக்கும் எடுப்பேன். தப்புன்னா கேஸ் போடுங்க. தப்பில்லன்னா கேமராவைக் குடுங்க. பாவம்னு விடறதா இருந்தா நான் போகமாட்டேன்” என்று சொல்லிவிட்டு, திரும்பப் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பெரியவனுக்கு முகம் சிவந்துவிட்டது. “அம்மா, எந்திரி, மானத்தை வாங்காத” என்று பல்லைக் கடித்தான். “என் மானம் இந்த ரூம்லதான்டா எங்கயோ விழுந்துச்சு, தேடி எடுத்துக்கிட்டுத்தான் வருவேன்” என்றேன். உன்னிடம் மறைப்பானேன். கேஸ் போட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு துறைமுக ஆபீசுக்குப் போன் போட்டு, ஒருவர் மாற்றி ஒருவராக நாலைந்து பேரிடம் கேட்டாள். துறைமுக வாசலுக்கு உள்ளே எடுத்தால்தான் தப்பு, வெளியே நடைபாதை பொது வழி, அங்கே தடை எதுவும் கிடையாது என்று கடைசியில் யாரோ சொன்னார்கள். காவலாளி தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போய்விட்டான். அவள் கேமராவை என் கையில், கவனி, அவன் கையில் இல்லை, என் கையில் கொடுத்தாள். “படமெல்லாம் பாத்தேம்மா, ஏன் எல்லாமே கப்பலோட முதுகா இருக்கு?” என்று கேட்டாள். “பேரும் ஊரும் பின்னாலதான் பெருசா எழுதியிருக்கும்” என்றேன். “ஓ” என்றாள். பெரியவன் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். நான் பஸ்ஸில் வந்தேன்.

வீட்டில் அன்று பெரிய ரகளை. “உன்னைச் சீக்கிரம் வெளிய கொண்டு வரணும்னுதானம்மா சொன்னேன், அது ஒரு குத்தமா?” என்றான். பயந்துதான் சொன்னான், அது எனக்குப் புரியாமல் இல்லை, சின்ன வயதிலிருந்தே போலீஸ் என்றால் அவனுக்கு நடுக்கம். ஆனால் நான் கேட்டேன், “பொய்யைச் சொல்லி என்னை வெளிய கொண்டு வந்தா அந்தப் பொய்யும் கூடவே வீட்டுக்கு வருமேடா, அதை எங்க உக்கார வைப்ப?” வந்துவிட்டது, பார். மறுநாளே மாடி வீட்டுக்காரி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, செவிடியிடம் பேசுவது போல, “சாப்ட்டீங்களா... என்ன சாப்ட்டீங்க?” என்று கத்துகிறாள். ஞாபகசக்தி டாக்டர் ஒருவரிடம் என் பேரில் முன்பதிவு செய்திருக்கிறான், அதை உன் அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிறகு உன் கிழமைக் கேள்வி. ரகளை நடந்த அன்றே நான் அவனிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தேன். ஸ்டேஷனுக்குப் போய் அந்த இன்ஸ்பெக்டரிடம் நீ சொன்னது பொய் என்று சொல்லிவிட்டு வா, அதுவரை உன்னோடு எனக்குப் பேச்சு கிடையாது என்றேன். “விளையாடறியாம்மா?” என்றான். நான் பதில் சொல்லவில்லை, அப்போதே பேச்சு நின்றுவிட்டதே. அதற்கப்புறம் வீட்டில் எல்லாம் உன் அண்ணி மூலமாகத்தான். “அவங்களுக்குக் குழம்பு போதுமான்னு கேளு” என்பான் அவன், “அவனுக்கு வேணும்னா போட்டுக்கச் சொல்லு” என்பேன் நான். நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பியே அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

ரகளைக்கு மறுநாள் காலை வழக்கம்போலக் கிளம்பினேன். அவன் பேப்பருக்குப் பின்னாலிருந்து, “மறுபடியுமா?” என்று பேப்பரிடம் கேட்டான். நான் செருப்பைப் போடும்போது பக்கத்தில் இன்னொரு ஜோடிச் செருப்பு. உன் அண்ணி, “நானும் வரேன் அத்தை” என்றாள். கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து என்னோடு அவள் தனியாக வெளியே வந்தது அதுதான் முதல்முறை. செருப்புப் பெட்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. “இவ்ளோ உசரமா இருக்கே, எப்படி அத்தை கவுராம நிக்குது?” என்று கேட்டாள். எனக்கும் அது ஆச்சரியம்தான் என்றேன், பல் டாக்டர் கையை ஆட்டி ஆட்டி விளக்கினார், எங்கள் இருவருக்கும் புரியவில்லை, சிரித்து வைத்தோம். கொக்குக்கு விஷயம் எப்படியோ தெரிந்திருந்தது. “அக்கா, நீங்க ஸ்டேஷன் பாத்துட்டு வந்த ஆளு, இனிமே முன்வரிசை உங்களுக்குத்தான்” என்று சுவரோரத்தில் எனக்கு இடம் ஒதுக்கினான். திரும்பும் வழியில் உன் அண்ணி, “அவர் அப்படிச் சொன்னது எனக்கும் பிடிக்கல அத்தை, என்னைப் பத்தியும் நாளைக்கு அப்படித்தானே சொல்வாரு” என்றாள்.

அவன் முறுக்கிக்கொண்டே இருந்தான், நானும் இறங்கிவரவில்லை. நேற்று ஆபீசிலிருந்து நேரங்கழித்து வந்தவன் சமையலறை வாசலில் நின்றான். “சொல்லிட்டேன்” என்றான். “என்ன சொன்ன?” என்றேன். “எங்கம்மாவுக்கு மூளை நல்லாத்தான் இருக்கு, நான்தான் பயந்துபோய் உளறிட்டேன்னு.” “அதுக்கு அவங்க?” “அன்னிக்கே தெரியும் சார்னு சிரிச்சாங்க.” அவனுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, எனக்கும்தான். கையைக் கழுவிட்டு உக்காரு என்று தட்டை எடுத்து வைத்தேன். பாதி சாப்பாட்டில், “ஆனாலும் மழை நாள்ல போகாதம்மா” என்றான். போவேன் என்றேன். டாக்டர் முன்பதிவை அவனே ரத்து செய்துவிட்டான்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். பேசாமல் என்னிடமே வந்துவிடு, இங்கே ரூம் தயார் என்றாய். பிரியத்தில் சொன்னாய், தெரிகிறது. வரமாட்டேன். விருந்தாளியாக வருவேன், பேத்திக்குத் தலை பின்னிவிடுவேன், உன் அலமாரியை ஒழித்து வைப்பேன், திரும்பிவிடுவேன். போன தடவை அங்கே வந்தபோது, தனியாக ரயிலேறி ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் போய்க் கப்பல் பார்த்துவிட்டு வந்ததற்கு நீ எப்படிக் குதித்தாய். நான் தொலைந்துபோகவில்லை. ரயில் மாறத் தெரிந்தது, திரும்பி வரத் தெரிந்தது. அங்கே என் வயதுக்காரி ஒருத்தி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. புகைக்கூண்டைக் காட்டிக் காட்டியே மத்தியானம் வரை பேசினோம். என் கேமராவை வாங்கிச் சம்பந்தியின் படத்தைப் பார்த்து, காதைப் பொத்திக் காட்டினாள்! அங்கேயும் வந்து அதே ஹாரனை அடித்திருக்கிறது. அந்தச் சந்தோஷத்தோடு உன் வீட்டுக்குள் நுழைந்தால், நீ மாப்பிள்ளையிடம் “அம்மா சின்னப் பிள்ளை மாதிரி ஆயிட்டாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாய். எனக்குக் காது நன்றாகக் கேட்கும், சின்னவளே. அடுத்த தடவை வந்தாலும் போவேன், நீயும் வந்தால் வா.

அடுத்த மாதம் நானும் உன் அண்ணியும் பயணம் போகிறோம். இரண்டு கரைகளுக்கு நடுவே கடல் வாய்க்கால் போலக் குறுகி, கப்பல்கள் கைக்கெட்டும் தூரத்தில் போகும் ஓர் இடத்தைப் பல் டாக்டர் சொன்னார். அறை பிடித்தாகிவிட்டது. பெரியவன் கேன்டீனில் சாப்பிடட்டும், ஒன்றும் இளைத்துவிட மாட்டான்.

நிஜமாகவே மறதி வரும் நாள் ஒன்று வரலாம். நான் நர்ஸாக இருந்தவள், அது எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். வந்தால் உங்கள் இருவருக்கும் நானே முதலில் சொல்வேன், அப்போது நம்புங்கள். அதற்கு முன்னால் நீங்களாகச் சொல்லாதீர்கள். அந்த நாள் வந்தபிறகும் என்னை அறைக்குள் பூட்டாமல் அந்தச் சுவரோரம் கொண்டுபோய் உட்கார வையுங்கள். பேர் மறந்துபோனாலும் கப்பல் போவது கண்ணுக்குத் தெரியும்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, தூக்கம் கெட்டு வண்டி ஓட்டாதே, பேத்திக்கு ராத்திரி ஐஸ் தண்ணீர் கொடுக்காதே. மாப்பிள்ளைக்கு என் ஆசிகள், பேத்திக்கு முத்தங்கள். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் மனசு நிறைந்து இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. என்னைப் பற்றி ஏதாவது தெரிய வேண்டுமென்றால் உன் அண்ணனிடம் கேட்காதே, என்னிடம் கேள்.

முழு சுயநினைவோடு, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் எழுதிய,
உன் அம்மா