மூடியில் ஒட்டிய பெயர்

குத்தாலம்,
கார்த்திகை 18

அன்பு மகள் மேகலாவுக்கு, அம்மா ஆனந்தவல்லி எழுதுவது. நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிர் ஊரில் அதேபோல் இருக்க வேண்டும் என்று அபயாம்பாளை வேண்டிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். சம்பா நடவு முடிந்து களையும் எடுத்தாயிற்று, போன வாரம் பெய்த மழையில் கீழக்கட்டளை வயலில் மட்டும் தண்ணீர் நின்றது, அப்பா மடையை வெட்டி வடித்துவிட்டார், முட்டிவலியோடு சேற்றில் இறங்காதீர்கள் என்று நான் சொன்னால் கேட்பதில்லை. தீபாவளியன்று பேசும்போது, ஏம்மா குரலே சரியில்லை, ஏன் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருக்கிறாய் என்று மூன்று தடவை கேட்டாய், நான் லீவு போட்டிருக்கிறேன் என்று சொன்னேன். அது பொய். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் பதறுவாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் போன் செய்.

நர்சிங் ஹோம் லேப்பில் இருபத்திரண்டு வருஷமாக என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும், இரத்தம் எடுப்பது, சோதிப்பது, இங்கே செய்ய முடியாததைப் பெயர் ஒட்டிக் கட்டி தஞ்சாவூர் லேப்புக்கு அனுப்புவது. புரட்டாசியில் ஒரு புதன்கிழமை, வாரம் ஒருமுறை வருகிற சர்ஜன் அன்றைக்கு இரண்டு பெண்களுக்குக் கழுத்துக் கட்டியிலிருந்து சதை எடுத்தார். ஒருத்தி கண்ணாத்தாள், ஐம்பத்திரண்டு வயது, பக்கத்துக் கிராமத்தில் நடவு வேலை செய்கிறவள். இன்னொருத்தி ஷமீரா, இருபத்தாறு வயது, கடைத்தெருவுக்குப் பின்னால் வீடு, எட்டு மாதக் கைக்குழந்தைக்காரி. எடுத்த சதையை மருந்துத் தண்ணீர் ஊற்றிய சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுத் தந்தார்கள். டப்பாவின் வெளிப்பக்கம் ஈரமாக இருந்தது, ஸ்டிக்கர் வழுக்கிக்கொண்டு போயிற்று. நாலரை மணி பஸ்ஸுக்குப் பார்சல் போக வேண்டும், டிரைவர் ஹாரன் அடிக்கிறார் என்று வாசலிலிருந்து கூப்பிடுகிறார்கள். நான் இரண்டு ஸ்டிக்கரையும் மூடியின் மேல் ஒட்டினேன். மூடியில் ஒட்டக் கூடாது மேகலா, டப்பாவின் உடம்பில்தான் ஒட்ட வேண்டும், ஏனென்றால் போகிற இடத்தில் மூடியைத் திறந்துவிட்டால் பெயர் ஒரு பக்கம், சதை ஒரு பக்கம். புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல் நாள் நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதான். துடைத்துவிட்டுப் பக்கவாட்டில் பேனாவால் எழுத அரை நிமிஷம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிஷத்தை நான் செலவு செய்யவில்லை.

அதற்கு அடுத்த வாரம் உன் பெரியப்பா பேத்தி கல்யாணத்துக்குப் போனோமே, அப்போது ரிப்போர்ட் வந்து, சர்ஜன் பார்த்து, இரண்டு பேருக்கும் சொல்லியும் விட்டார்கள். ஷமீராவுக்குப் புற்றுநோய், கண்ணாத்தாளுக்குக் காசநோய், ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் போதும். நான் பத்து நாள் கழித்துத் திரும்பி வந்த வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் நகல்களைக் கோப்பில் வைக்கும்போது கண் ஒரு வரியில் நின்றது. ஷமீராவின் ரிப்போர்ட்டில் இரண்டு துண்டுகள் வந்து சேர்ந்தன என்று இருந்தது, கண்ணாத்தாளுடையதில் ஒரு துண்டு. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, கண்ணாத்தாளுக்கு எடுத்த சதைதான் எடுக்கும்போதே இரண்டாகப் பிய்ந்தது. ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன், என் கையெழுத்திலேயே இருக்கிறது, கண்ணாத்தாள் 2, ஷமீரா 1. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஷமீராவுக்குத் திங்கட்கிழமை தஞ்சாவூரில் புற்றுநோய்க்கு முதல் ஊசி என்று ஏற்கெனவே சொல்லக் கேட்டிருந்தேன். காசநோய் இருக்கிற உடம்பில் அந்த ஊசி ஏறினால் எதிர்ப்புச் சக்தி போய், கிருமி உடம்பு முழுக்கப் பரவும், சின்னப் பெண் தாங்குவாளா. இன்னொருத்தி புற்றைக் கழுத்தில் வைத்துக்கொண்டு காசநோய் மாத்திரை சாப்பிடுகிறாள்.

நேராக வைத்தியலிங்கம் டாக்டரிடம் போனேன், மேனேஜர் இராஜாங்கமும் அங்கே இருந்தார். டாக்டர் ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். இராஜாங்கம்தான், "மேடம், நீங்க வாயத் தொறக்காதீங்க, தஞ்சாவூர் லேப்லதான் மாத்திட்டாங்கன்னு சொல்லிடுவோம், மூடி அங்கதான இருக்கு, யாரு பாத்தா" என்றார். அவர் சொன்னதில் ஒரு நிமிஷம் எனக்கும் ஆசை வந்தது, உன்னிடம் மறைக்க மாட்டேன். அங்கே இரண்டு மூடியையும் ஒன்றாகத் திறந்து வைத்தவர்கள் மேலும் தப்பு உண்டுதான். ஆனால் நான் சரியாக ஒட்டியிருந்தால் அவர்கள் நூறு மூடியைத் திறந்தாலும் மாறியிருக்காது. சார், ஒட்டினது நான், எழுதிக் கொடுத்துவிடுகிறேன், முதலில் திங்கட்கிழமை ஊசியை நிறுத்துங்கள் என்றேன். டாக்டர் அப்போதுதான் போனை எடுத்தார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு முகமே மாறிவிட்டது. "எழுதிக் குடுத்துட்டு வந்துட்டியா, நாளைக்குப் போலீஸு கோர்ட்டுன்னா யாரு நிப்பா வல்லி" என்று கத்தினார், கையில் இருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அரை மணி கழித்துச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "வா, மொதல்ல அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போவோம்" என்று வண்டியை எடுத்தார்.

ஷமீராவின் புருஷன் மீரா உசேன் கதவைத் திறந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பை கட்டி வாசலிலேயே வைத்திருந்தார்கள். ஷமீராவின் மாமியார் குழந்தைக்குப் பாட்டிலில் பால் புகட்டிக்கொண்டிருந்தார், குழந்தை வாயைத் திருப்பித் திருப்பி அழுதது. ஊசி போடப்போகிறார்கள் என்பதால் எட்டு நாளாக ஷமீரா தாய்ப்பாலை நிறுத்தியிருந்தாளாம். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சந்தேகம்தான், மறுபடி எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயம் என்றும் சொன்னேன். மீரா உசேன், "எழுத்து மாறிப்போச்சுன்னு சொல்ற மாதிரி சொல்றீங்களே, இது எங்க ஊட்டு உசுரும்மா" என்று சுவரில் அடித்தார். ஷமீரா சத்தம் போடவில்லை. "அக்கா, அப்ப நான் புள்ளைய வளத்துடுவேனா" என்று மட்டும் கேட்டாள், கேட்டுவிட்டு உடனே, "அப்ப என் ரிப்போர்ட்டு யாருக்குப் போச்சு" என்று கேட்டாள்.

கண்ணாத்தாள் போனை எடுக்கவில்லை. சனிக்கிழமை காலையில் அப்பா என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார், வாய்க்கால் மதகு வரைதான் வண்டி போகும், அதற்கு மேல் வரப்பில் நடந்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் கட்டுப் போட்டிருந்ததால் அவளைத் தூரத்திலேயே அடையாளம் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து சிரித்தாள், "வாங்க சிஸ்டரு, மாத்திரை நல்லா கேக்குது, கட்டி கொறஞ்ச மாதிரி இருக்கு" என்றாள். மேகலா, அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நான் அதைச் சொன்னேன். தனியாகக் கூப்பிட்டுத்தான் சொல்ல நினைத்தேன், அவள் சேற்றை விட்டு ஏறவில்லை, இங்கேயே சொல்லுங்கள் என்றாள். அவளுடையது காசநோயாக இல்லாமல் இருக்கலாம், மற்றதாக இருக்கலாம், மாற்றியது நான் என்று சொன்னேன். பக்கத்தில் நட்டவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள், "ஒம்போது நாளு நிம்மதியா தூங்குனேன், அதக் குடுத்ததும் நீதான், இப்பப் புடுங்குறதும் நீதான்" என்றாள். அதுவரை நீங்க என்றவள் அப்போதுதான் நீ என்றாள். பிறகு குனிந்து மறுபடி நட ஆரம்பித்தாள். கையில் இருந்த நாற்று முடியை முழுக்க நட்டு, தன் பத்தியைக் கரை வரை கொண்டுவந்து அவள் முடிக்கும் வரை நான் வெயிலில் வரப்பிலேயே நின்றேன். முடித்துவிட்டு வாய்க்காலில் கைகால் கழுவிக்கொண்டு, "போலாம்" என்றாள்.

அன்று மதியமே சர்ஜனை வரவழைத்து, கழுத்தில் மிச்சம் இருந்த கட்டிகளிலிருந்து இரண்டு பேருக்கும் தடித்த ஊசியால் மறுபடி சதை எடுத்தார்கள். நான் கை வைக்கவில்லை, இன்னொரு சிஸ்டர்தான் செய்தாள், ஆனால் கூடவே நின்றேன். ஒருத்தியை முடித்து, அவள் கண் முன்னாலேயே டப்பாவைத் துடைத்து, பக்கவாட்டில் ஒட்டி, பெயரை வாசித்துக் காட்டி அனுப்பிய பிறகுதான் அடுத்தவளை உள்ளே விட்டார்கள். கண்ணாத்தாளுக்குப் படிக்கத் தெரியாது. "இதுல எது என் பேரு" என்று கேட்டு, காட்டிய இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். பார்சலை பஸ்ஸில் போடுவோம் என்று இராஜாங்கம் சொன்னபோது, "என் சதைய இனிமே எவன் கையிலயும் குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். டாக்டர் தன் காரையே கொடுத்தார். தஞ்சாவூர் வரைக்கும் அந்த டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டு வந்தாள், ஷமீராவின் டப்பாவோடு மீரா உசேன் முன் சீட்டில், நான் அவள் பக்கத்தில்.

செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட் வரும் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. மாறவில்லை என்று வந்தால் இத்தனை பேரை வீணாகக் கலக்கிவிட்டேனே என்று ஒரு பயம், மாறியிருக்கிறது என்று வந்தால் கண்ணாத்தாளை நினைத்து ஒரு பயம். மாறித்தான் இருந்தது. ஷமீராவுக்குக் காசநோய்தான், மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள், குழந்தைக்குப் பால் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் முதலில் சுரக்கவில்லை, விடாமல் போட்டுப் போட்டு இப்போது கொஞ்சம் வருகிறதாம். மீரா உசேன் மாவட்டத்தில் புகார் கொடுத்திருக்கிறார், கொடுக்க வேண்டியதுதான், தை பிறந்ததும் விசாரணை. என்னை வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிட்டார்கள், அதுதான் லீவு. விசாரணையில் என்ன சொல்லப்போகிறாய் என்று வக்கீல் கேட்டார், எழுதிக் கொடுத்ததைத்தான் சொல்வேன் என்றேன்.

கண்ணாத்தாளுக்கு நோய் முற்றவில்லை, ஊசிக்குக் கேட்கிற வகைதான் என்று தஞ்சாவூரில் சொல்லியிருக்கிறார்கள். அவள் மகன் திருப்பூரில் வேலை, ஒவ்வொரு தடவையும் வர முடியாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை நான் அவளை அழைத்துக்கொண்டு போகிறேன். வரட்டுமா என்று கேட்டதற்கு வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்ததும் பையை என் கையில் கொடுத்தாள், அவ்வளவுதான். முந்தாநாள் மூன்றாவது ஊசி. கட்டி பாதியாகக் குறைந்திருக்கிறது என்று டாக்டர் தொட்டுப் பார்த்துச் சொன்னார், எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது, அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வார்டில் புது நர்ஸ் ஒருத்தி, கூட இருப்பவர் பெயரை எழுதிக்கொண்டு, "இவங்க உங்களுக்கு என்ன உறவும்மா" என்று அவளிடம் கேட்டாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கண்ணாத்தாள், "உறவெல்லாம் இல்ல, எனக்குத் தப்புப் பண்ணினவங்க, அதான் கூட வராங்க" என்றாள். நர்ஸுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, பேனாவை வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்புடியே எழுதிக்க தாயி" என்று சொல்லிவிட்டு, ஊசி போடக் கையை நீட்டினாள்.

இதைப் படித்துவிட்டு அப்பாவிடம் விசாரணையைப் பற்றிக் கேட்காதே, அவருக்குப் பிரஷர் ஏறும். டிக்கெட் போட்டு ஓடி வராதே, வந்து நீ செய்ய ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்று, அங்கே எதற்காக இரத்தம் கொடுத்தாலும் குழாயில் உன் பெயரை ஒட்டி, அதை நீ உன் கண்ணால் படிக்கும் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே, அவர்கள் எத்தனை அவசரப்பட்டாலும் சரி. நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் துணையாக, நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம்.

உன் அம்மா,
ஆனந்தவல்லி தியாகராசன்