பிரென்ட் ஈஸ்டில் நீர் போட்ட புள்ளடி

லண்டனிலிருந்து மச்சாள் கொண்டுவந்த மாம்பழப் பெட்டியின் அடியில் ஓர் உள்ளூர்ப் பத்திரிகை விரித்திருந்தது. பழ வாசம் ஏறிய அந்தத் தாளில்தான் பார்த்தேன். வருகிற பொதுத் தேர்தலோடு நீர் முந்தி லண்டனில் இருந்த பிரென்ட் ஈஸ்ட் தொகுதி இல்லாமல் போகிறதாம். துண்டாக்கிப் பக்கத்துத் தொகுதிகளோடு சேர்க்கிறார்களாம். உமக்குச் சொல்லவென்று போனை எடுத்த பிறகுதான், நீர் இறந்துபோய் ஒரு வருடமாகிறது என்பது உறைத்தது.

இங்கே ஒஸ்லோவின் ரொம்மனில் நாங்கள் இருவரும் பள்ளிக்கூடம் துப்புரவாக்கிய காலத்தில் அந்தத் தொகுதியின் கதை முழுவதையும் சொன்னீர். பழைய வில்ஸ்டன் தொகுதிகளை உடைத்து எழுபதுகளில் அதை உண்டாக்கியது, பிறகு ஓர் இடைத்தேர்தலில் ஆளுங்கட்சி அதைப் பறிகொடுத்தது, எல்லாம்.

"விட்டிட்டு வந்த இடத்திலை உமக்கென்ன அவ்வளவு பிடிப்பு?" என்று கேட்டேன்.

வாளியைக் கீழே வைத்தீர். அங்கே உமது முதல் தேர்தலன்று, வாக்குச்சீட்டில் எந்தப் பெயருக்கு நேரே புள்ளடி போடவேண்டுமென்று கணவர் வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாராம். வாக்குப் போடும் மறைப்புக்குள்ளும் உம்மோடு நுழையப் பார்த்தவரை அலுவலர் பெண் கை நீட்டித் தடுத்துவிட்டாளாம்.

"கலியாணம் கட்டி ஒன்பது வருசத்திலை அண்டைக்குத்தான் எனக்குப் பக்கத்திலை ஒருத்தரும் நிக்கேல்லை," என்றீர்.

வேறு பெயருக்குப் போட்டீர். வீட்டில் அவர் கேட்டார், கத்தினார், கோப்பைகளை உடைத்தார். நீர் வாய் திறக்கவில்லை. பின்னர் அவரை விட்டு ஒஸ்லோவுக்கு வந்த பிறகும் அந்தத் தொகுதி வாக்கை விடவில்லை. ஒரு மே மாதம் அங்கத்தைய பொதுத் தேர்தலுக்கென்று தபாலில் வந்த வாக்குச்சீட்டை எனக்கும் காட்டாமல்தான் உறையிலிட்டு ஒட்டினீர்.

அதே வருடம் செப்டம்பரில், நோர்வேக் குடியுரிமை எடுத்து நான் முதல் முறை வாக்களிக்கப் போனேன். இங்கே பாராளுமன்றத்துக்கு வாக்கில்லாத நீரும் துணைக்கு வந்தீர்.

"ஆருக்குப் போடுறது?"

"என்னட்டைக் கேளாதையும். உள்ளுக்குத் தனியப் போம்."

வெளியே வந்து கட்சியின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். மழைக்குள் நின்ற நீர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "ஐயோ, சொல்லிப்போடாதையும்!" என்று சிரித்தீர்.

வீட்டில் என் கணவரும் ஆருக்குப் போட்டதென்று கேட்டார். "சொல்லமாட்டன்," என்றேன். அவர் எழுந்து போய் இருவருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். பிறகு கேட்கவேயில்லை. உமக்கு அப்படியொரு தேத்தண்ணி கிடைக்கவில்லையே என்று அதைக் குடிக்கும்போது நினைத்தேன்.

அந்த வாக்கைப் போட்டு நாலு வருடமாகிறது. எனக்கு மட்டுமே தெரிந்தது என்று இந்த உலகத்தில் ஒன்று இருக்கிறது.