கை வெட்டிய நீலச் சட்டை

கண்ணா,

பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. தோழிகளோடு ஒன்றரை மாதம் வெளிநாடு சுற்றிவிட்டு நான் திரும்ப விமானம் ஏறிய பிறகுதான் அப்பா உயிர் போனது என்கிறாய். நம்பித்தான் ஆகவேண்டும்.

இன்று அவருடைய நீலச் சட்டையைத் துவைக்க எடுத்தேன். இடது கையைத் தோள்வரை கத்தரியால் வெட்டியிருக்கிறாய். ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸைக் கழற்றாமல் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே மாட்டிவிடத்தானே?

தினமும் வீடியோவில் அவரைக் காலர்வரைதான் காட்டினாய். "எனக்கென்ன, ஜம்முனு இருக்கேன். நீ நல்லா சுத்திட்டு வா" என்பார்.

"தினமும் அதே சட்டைதானா? வேற கிடைக்கலையா?" என்று தோழிகளோடு சேர்ந்து சிரித்தேன் நான்.

அவர்தான் சொல்லவேண்டாம் என்றாராம். நீயும் அவர் சொன்னபடியே மறைத்துவிட்டாய்.

உன் ஊரிலிருந்து நீ வீடியோவில் கூப்பிட்டால் நான் எடுப்பதில்லை என்று வருத்தப்படாதே. இனிமேல் எழுந்து, தள்ளி நின்று பேசு. உன்னை முழுசாகப் பார்க்கவேண்டும்.

அம்மா