கீழ்த்தட்டில் அடித்த முளை

கடல் தன் கரை மீறாதிருக்க, காற்று தன் காலம் தவறாதிருக்க. வெண்சங்கத் தீவையும் அதனைச் சூழ்ந்த பதினொரு துறைகளையும் ஒரு குடைக்கீழ் ஆளும் மன்னர் நெடுவேளார் திருமுன்பு, கானல்வாய் நாட்டரசர் செந்நெறியாரின் ஆணைப்படி அவர்தம் அமைச்சன் சேந்தன்கூத்தன் வரைந்து விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையும் குடிகளும், இளங்கோவாகிய தங்கள் திருமகனாரும் நலமே வாழ்க. இங்கும் யாவரும் நலம் என்று எழுதுவது வழக்கமாதலால் அவ்வாறே எழுதப்படுகிறது.

வாடைக்காற்று ஓய்வதற்குள் எங்கள் இளவரசி பைந்தொடியார் தங்கள் மருமகளாகத் தங்கள் கரையில் இறங்க வேண்டும், இறங்காவிடில் சமாதானம் முறிந்து இரு நாட்டுப் படைகளும் மீண்டும் எழும் என்பது உடன்படிக்கை. அதன்படி தாங்கள் அனுப்பிய வெள்வாரணம் என்னும் மரக்கலம் எங்கள் துறைக்கு வந்து சேர்ந்தது. ஆயினும் மூன்று நாள் நங்கூரம் எடுக்க இயலவில்லை. ஓர் அறையை எங்கே கட்டுவது என்பது முடிவாகாததே காரணம்.

முதன்முறை கடலேறுபவர் தம் அறைக்குரிய இடத்தைத் தாமே தேர்ந்து, அங்கே புன்னைமர முளையொன்றைத் தம் கையால் அடிக்க வேண்டும் என்பது தங்கள் நாட்டுக்கும் எங்கள் நாட்டுக்கும் பொதுவான வழக்கம். முளை அடித்த பிறகே தச்சன் சுவர்ப்பலகையைத் தொடுவான். சென்று சேரும் கரைக்குரியவர் வந்து தம் கையால் முளையைப் பிடுங்கும்வரை, பயணி அறையைவிட்டு இறங்குவதில்லை. பிடுங்க ஒருவரும் வராவிடில் வந்த கலத்திலேயே திரும்புவார்.

இளவரசியாரோ முளையைக் கையில் வாங்கியதோடு சரி. அவர்தம் தமையனார் நல்லியனார் போரில் பிடிபட்டுத் தங்கள் சிறையில் மாண்ட செய்தி வந்தது முதல் எட்டு மாதமாகவே அவர் அப்படித்தான் இருக்கிறார். உண்ணச் சொன்னால் உண்பார், உடுத்தச் சொன்னால் உடுத்துவார். திருமணம் என்றபோதும் சரி என்றார். அறை எங்கே வேண்டும் என்று கேட்டபோதும், எங்கே ஆனாலும் சரி என்றார். ஆனால் எங்கேயோ ஓரிடத்தில் முளை அடிக்க வழக்கம் இடம் தரவில்லை.

அவர் வாய் திறவாததால் மற்றவர் எல்லோரும் திறந்தனர். பின்புறத்து மேல்தட்டில் சாளரம் வைத்த அறையே மகளுக்குத் தகும் என்றார் அரசியார். அங்கே சுக்கான் முனகும் ஓசையில் கண்மூட முடியாது என்றார் கலத்தைச் செலுத்தும் தங்கள் மீகாமன் பொன்னாகனார். முன்புறத்தில் அலை மோதும், அடுப்பின் அருகே புகை மண்டும் என்று தோழியர் மூக்கைச் சுளித்தனர். கரையில் நின்று கலத்தைப் பார்த்தாலே தலை சுற்றும் எங்கள் அரண்மனைக் கணியர், கிழக்கு நோக்கிய வாசல் என்று விடாப்பிடியாக நின்றார். ஓடும் கலத்தில் கிழக்கு எங்கே நிலையாக இருக்கும் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. இவ்வோலை வரையும் அமைச்சனும் தன் பங்குக்கு, நடுப்பாய்மரத்தின் அருகே ஆட்டம் குறைவு, முதற்பயணத்துக்கு அதுவே நல்லது என்றான். இளவரசியார் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் காலை மேல்தட்டில் நின்றபடி, இந்தக் கலம்தானே என் அண்ணனைக் கொண்டுபோனது என்று மீகாமனிடம் கேட்டார். அவர் ஆம் என்றார். அண்ணன் எங்கே இருந்தார் என்று கேட்டார். மீகாமனை முந்திக்கொண்டு அமைச்சன் விடை சொன்னான். காற்றோட்டமுள்ள மேலறையில் இளவரசருக்குரிய மரியாதையோடு கொண்டுசென்றோம், காய்ச்சலால் இறந்தார் என்று தாங்கள் எழுதிய ஓலையை முன்பு அவையில் படித்தவன் அவன்தான். ஒருமுறை படித்ததையே மறுமுறையும் சொன்னான்.

இளவரசியார் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. மீகாமனையே பார்த்திருந்தார். மீகாமன் தன் காலடியைப் பார்த்தார், பிறகு கீழ்த்தட்டுக்கு இறங்கும் வாயை மூடியிருந்த பலகையைக் காட்டினார். அவர் சொன்னதை மாற்றாமல் எழுதுவது கடமை: “தண்ணிச் சால் வைக்கிற எடத்துக்குப் பக்கத்துல, தாயே. அவருக்குன்னு யாரும் முளை அடிக்கச் சொல்லல. கையைக் கட்டி எறக்கிவிட்டாங்க.”

அமைச்சனுக்கு வெட்கமாயிருந்தது. அழுதிருந்தால் ஆறியிருக்கும், அழுகையும் வரவில்லை.

இளவரசியார் பலகையை எடுக்கச் சொல்லித் தாமே இறங்கினார். அமைச்சனும் விளக்கேந்திப் பின்னே இறங்கினான். மூன்று முழ உயரமே உள்ள இடம். அடியில் தேங்கிய நீரின் வாடை மூச்சை அடைத்தது. அவர் ஈரப்பலகையில் மல்லாந்து படுத்துப் பார்த்தார். எனக்குக் கால் நீட்ட இடம் இருக்கிறது, அண்ணன் மடக்கித்தான் படுத்திருப்பார் என்றார். நாள் முழுதும் அவர் பேசியவற்றில் நீளமானது அதுவே. பிறகு எழுந்து உட்கார்ந்து சுத்தியல் கேட்டார்.

“அங்க மனுசர் படுக்க மாட்டாங்க, தாயே” என்றான் தச்சன். அவர் சுத்தியலுக்கு நீட்டிய கையை மடக்கவில்லை. தச்சன் கொடுத்துவிட்டான். இளவரசியார் ஏழு முறை அடித்ததில் முளை பலகைக்குள் ஆழ இறங்கியது. செய்தி கேட்ட எங்கள் அரசர், முளை முளைதான், கட்டுங்கள் என்றார். அறை கட்டி முடிந்தது. வெள்வாரணம் நாளைக் காலை பாய் விரிக்கும். இவ்வோலை விரைவுத் தோணியில் அதற்கு முன்னே வருகிறது.

ஆதலால் மன்னர் அறிந்துகொள்ள வேண்டியவை. உடன்படிக்கையில் எங்கள் பக்கம் ஒரு குறையும் இல்லை. பெண் குறித்த காலத்துக்குள் வருகிறாள், மனமுவந்தே வருகிறாள் என்று எழுதும்படி இளவரசியாரே சொன்னார். உண்மை சொன்ன மீகாமன் பொன்னாகனாரின் தலைமயிருக்கும் தீங்கு நேரலாகாது, அவர் இளவரசியாரின் காவலில் இருக்கிறார். கரைக்குரியவர் தாங்களே ஆதலின் முளை பிடுங்கும் உரிமையும் தங்களுடையதே. தங்கள் அமைச்சரையோ திருமகனாரையோ அனுப்பினால் இளவரசியார் எழுந்து வரமாட்டார். வந்தபடியே திரும்புவார், அதன்பின் நடப்பது தாங்கள் அறிந்ததே.

உடன்படிக்கை நாளில் தங்களை நேரில் கண்டவன் அமைச்சன். தாங்கள் நெடிய உருவினர். முடி சூடியபடி அவ்விடத்தில் நுழைய இயலாது, அதை மேலேயே கழற்றி வைத்து வருக. நிமிர்ந்து நிற்கவும் இயலாது, முழங்காலிட்டே முளையை எட்டலாம். அது ஆழ இறங்கியிருப்பதால் ஒரு கையால் பிடுங்க வராது, வாளையும் கீழே வைத்துவிட வேண்டியிருக்கும்.

கானல்வாய் நாட்டு நண்டுக்கொடி முத்திரை அரக்கில் பதிந்தது. அரசர் பார்த்தார், அரசியார் பார்த்தார், இளவரசியார் கேட்டு ஒரு சொல் சேர்க்கச் சொன்னார். அவர் சொல்லே இவ்வோலையின் கட்டளை: கீழே வெளிச்சம் இல்லை, விளக்கைத் தாங்களே ஏந்தி வருக.