பேர் சொல்லாத நன்றியுரை

மச்சாள்,

இன்று மதியம் வவுணதீவிலிருந்து வந்த பஸ் வலையிறவுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. ஏதோ பெல்ட் அறுந்துவிட்டதாம். நல்ல வெயில். வாவி ஓர் அசைவும் இல்லாமல் கிடந்தது. என் பக்கத்தில் இருந்தவள் கல்யாண வீட்டுக்குப் போகிறவள். பஸ் குலுங்காத நேரம் கிடைத்ததே என்று கைப்பையிலிருந்து சின்னப் போத்தலை எடுத்து, மடியில் லேஞ்சியை விரித்து, நகத்துக்குப் பூசத் தொடங்கினாள்.

அந்த மணம். கூர்மையானது. கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் மண்ணெண்ணெய்.

முன் சீற்றில் இருந்தவர் மூக்கைப் பொத்தினார். நான் பொத்தவில்லை.

இன்று ஞாயிறு. மூன்று மணிக்கு ரீவியில் சினிமா விருது விழா. ஒரு கிழமையாக விளம்பரம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நீ இல்லாமல் வருகிற இரண்டாவது விழா.

நீ இறந்து ஒன்பது மாதம். உனக்கு எழுத வேண்டியது ஒன்றுதான். எனக்குப் பரிசு தந்த மேடையில் நான் உன் பேரைச் சொல்லவில்லை. நீ அதைக் கேட்டாயா என்பது இன்று மதியம் வரை எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்க்கத் துணிவில்லாமல் இத்தனை மாதமும் மாமியிடம் சும்மா போய், தேத்தண்ணி குடித்து, சும்மா வந்தேன்.

*

நாவற்குடாவில் உங்கள் வீட்டு முன்னறை. மூன்று மணி நிகழ்ச்சிக்கு நீ ஒரு மணிக்கே குளித்துவிடுவாய். பவுடர். தோடு. பெட்டியிலிருந்து எடுத்த நல்ல சட்டை. பார்க்கப் போவது ரீவி.

"என்னகா, கல்யாண வீட்டுக்கா போறாய்?" குசினியிலிருந்து மாமி.

"அங்க அவ்வளவு பேரும் நல்லா உடுத்து வந்து இரிக்காங்க. நான் மட்டும் நைட்டியோட இரிக்கிறதா? மரியாதை இல்லம்மா."

"அவங்களுக்கு உன்னத் தெரியுமா?"

"எனக்கு அவங்களத் தெரியும்தானே."

நகம் பூசுவது விளம்பர இடைவேளைகளில். ஓர் இடைவேளைக்கு இரண்டு விரல். பத்து விரலும் முடியும்போது சிறந்த நடிகைக்கான விருது வந்துவிடும் என்பது உன் திட்டம். ஒருநாளும் சரிவந்ததில்லை. இரண்டு கட்டைவிரலும் வெறுமையாக இருக்கும்போதே அவள் மேடை ஏறிவிடுவாள். மாமி தேத்தண்ணி கொண்டுவந்தால் ஈர நகத்தோடு கோப்பையைப் பிடிக்க முடியாது. என்னைப் பருக்கச் சொல்வாய்.

பாதிப் படங்கள் நாம் பார்க்காதவை. பாட்டுத் தெரியும். போனில் துண்டு துண்டாகக் காட்சிகள் தெரியும். ஆனாலும் எந்தப் படத்துக்குக் கிடைக்க வேண்டும் என்று அடிபடுவோம். தோற்றவள் கோப்பை கழுவ வேண்டும்.

"அந்தச் சட்டையப் பாரன். நுளம்பு வலையக் கழட்டிப் போட்டுக்கிட்டு வந்திரிக்காள்."

"அது இப்ப பேஷன் மச்சாள்."

"நுளம்பு கடிக்காது. அது மட்டும் உண்மை."

வீட்டுக்குள்ளும் விருதுகள் நடக்கும். ஒருநாள் சிறந்த இறால் குழம்புக்கான விருதை மாமிக்குக் கொடுத்தாய். மாமி ஈரக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்து ரீவிக்கு முன்னால் நின்றா. பேசச் சொன்னாய். "என்னத்தப் பேச? புளி கூடிப் போச்சு" என்றா. நான் கேட்ட ஏற்புரைகளில் நேர்மையானது அதுதான்.

*

நமக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. இரண்டும் நீ போட்டவை.

முதலாவது, முடிவைப் போனில் பார்க்கக் கூடாது. விழா நடந்து இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகுதான் அதை ரீவியில் காட்டுவார்கள். அதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். நாம் இருவர் மட்டும் தெரியாமல் இருக்க வேண்டும். ஆரையம்பதியில் ஒரு கொமினிகேசன் கடையில் நாள் முழுக்கக் கம்பியூட்டருக்கு முன்னால் இருந்து வேலை செய்த உனக்கு அது சின்ன நோன்பு இல்லை.

ஒரு விழாவில் நீ எல்லாப் பந்தயத்திலும் தோற்றாய். ஒன்றுகூடச் சரிவரவில்லை. நான் துள்ளினேன். நீ தலையில் கைவைத்துக்கொண்டு, "ஐயோ, இவளுக்கா குடுத்த?" என்று திரும்பத் திரும்பத் திகைத்தாய். அடுத்த கிழமை கடைக்கு வந்தேன். போட்டோக்கொப்பி எடுக்க நின்ற காத்தான்குடிப் புடவைக் கடைக்கார நானா உன்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன தங்கச்சி, நான் சொன்ன ஆக்களுக்குத்தானே எல்லாம் குடுத்த? முழுப் பேரும் முதலே சொன்னேனே."

நீ மெஷினுக்குள் முகத்தை விட்டுக்கொண்டாய். முழு முடிவையும் தெரிந்துகொண்டு, குளித்து உடுத்து, ஐந்து மணித்தியாலம் எனக்காகத் தோற்றிருக்கிறாய். கோப்பையும் கழுவியிருக்கிறாய்.

"ஏன் சொல்லல்ல?"

"சொன்னா உன்ட ஞாயிற்றுக்கிழமை பழுதாப் போயிரும்கா."

இரண்டாவது சட்டம், நன்றி சொல்லும்போது பேர் சொல்ல வேண்டும். மேடையில் யாராவது "எல்லோருக்கும் நன்றி" என்று முடித்தால் தலையணை ரீவியை நோக்கிப் பறக்கும்.

"எல்லாருக்கும் எண்டா ஆருக்குமில்ல. வீட்ட இருந்து பாத்துக்கிட்டு இரிப்பாங்க, இப்ப வரும் இப்ப வரும் எண்டு. மேக்கப் போட்டவள், சோறு கொண்டு வந்தவன். ஒரு பேர் சொல்ல என்ன கேடு இவனுகளுக்கு?"

விழாவில் உன்னைப் பிடித்து வைத்திருந்தது அதுதான் என்று நினைக்கிறேன். பேர் சொல்லும் இடம். உறை கிழிபடும். திரையில் ஐந்து பெட்டி, ஐந்து முகம். இரண்டு மூன்று நொடிக்கு ஐந்து பேருக்கும் ஒரே வாய்ப்பு. பிறகு பேர். பேருக்கு உரியவள் ஒரு நொடி நம்பமாட்டாள். "அதப் பாரு, அது நடிப்பில்ல" என்று என் கையைக் கிள்ளுவாய். நடித்தே வாழ்கிறவர்களின் முகத்தில் நடிப்புக் கழன்று விழும் அந்த ஒரு நொடிக்காக நாம் அத்தனை விளம்பரத்தையும் பார்த்தோம்.

*

கெம்பசில் நான் வேறு ஆள். விருது விழாக்கள் சந்தையின் சடங்கு என்று ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். கைதட்டினார்கள். அது வெள்ளிக்கிழமை. ஞாயிறு ஒரு மணிக்கு உன் வீட்டுப் படியில் நின்றேன். கட்டுரையையும் நம்பினேன், முன்னறையையும் நம்பினேன். ஆனால் கட்டுரையைப் பற்றி உன்னிடம் சொன்னேன். முன்னறையைப் பற்றி அங்கே ஒருவரிடமும் சொன்னதில்லை.

என் கதைகளை நீதான் ரைப் செய்தாய். கொப்பியில் பென்சிலால் நான் கிறுக்கியவற்றை, கடையில் ஆள் இல்லாத நேரங்களில். அடித்த தாளில் பேனையால் கோடு போட்டுத் தருவாய்.

"இந்தப் பக்கம் விளங்கல்ல."

"அது அப்பிடித்தான் மச்சாள். வாசிக்கிறவங்க யோசிக்கணும்."

"நான் யோசிச்சன்கா. யோசிச்சும் விளங்கல்ல. அவள் தாய்ட வீட்ட போனாளா இல்லயா? அதச் சொல்லன்."

சொன்னேன். அந்த ஒரு வரி சேர்ந்த பிறகுதான் அது கதையானது. இளம் எழுத்தாளர் பரிசுக்கான அறிவித்தலைக் கண்டவள் நீ. படிவத்தை நிரப்பி, கையெழுத்துக்கு மட்டும் என்னிடம் நீட்டி, பதிவுத் தபாலில் அனுப்பியவளும் நீ. "பரிசு கிடைச்சா மேடையில என்ட பேர் முதலாவது" என்றாய். "பின்ன?" என்றேன்.

முடிவு வந்தபோது நீ ஆஸ்பத்திரி வாட்டில் இருந்தாய். சிறுநீரகம். கிழமைக்கு மூன்று முறை மெஷின்.

*

பரிசளிப்புத் திருகோணமலையில். பிளாஸ்டிக் பூக்கள் வைத்த மண்டபம். ஒரு போனை மூன்றுகால் தாங்கியில் பூட்டி நேரலையாகக் காட்டினார்கள். நீ பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும்.

என் பேரை வாசித்தார்கள். ஏறினேன். அறிவிப்பாளர் ஒலிவாங்கியைத் தந்து, என் காதோடு, "ரெண்டு நிமிசம் இருக்கு, பேசுங்க" என்றார். முன்வரிசையில் என் விரிவுரையாளர். கெம்பஸ் சிநேகிதர்கள். நான் மதிக்கிற இரண்டு கவிஞர்கள். உன் பேர் வாய் வரை வந்தது. அதோடு சேர்ந்து முன்னறையும் வந்தது. நகப்பூச்சு, தலையணை, நுளம்பு வலைச் சட்டை, கொமினிகேசன். அதைச் சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயந்ததாகப் பிறகு எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். வெட்கப்பட்டேன்.

"எல்லோருக்கும் நன்றி," என்றேன். இறங்கினேன்.

விரிவுரையாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சுருக்கம். உங்கட கதை மாதிரியே," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

மறுநாள் கேடயத்தோடு வாட்டுக்கு வந்தேன். நீ அதை இரண்டு கையாலும் மடியிலிருந்து தூக்கிப் பார்த்தாய்.

"பாரம்கா. இதத் தூக்கிக்கிட்டு எப்பிடிச் சிரிச்ச?"

"சிரிச்சனா?"

"பல்லெல்லாம் தெரிஞ்சிச்சு. சாரிய ஆர் கட்டிவிட்ட? கொசுவம் நல்லா வந்திரிக்கு."

நேரலையைப் பார்த்துச் சொன்னாயா, படத்தைப் பார்த்தா? படங்கள் அன்றைக்கே போன்களில் சுற்றிவிட்டன. வாட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். அந்தச் சிக்னலை நம்பினேன். உரை பற்றி நீ ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் காத்திருந்தேன். உன் முதுகுக்குப் பின்னால் தலையணை இருந்தது. எறிந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு ஏழு கிழமை இருந்தாய். சுகமாகி வீட்டுக்கு வரட்டும், அப்போது சொல்வோம் என்று ஏழு ஞாயிறும் நினைத்தேன்.

*

நீ போன பிறகு வந்த முதல் விழாவை என் அறையில் தனியாகப் பார்த்தேன். உடுத்தினேன். ஒரு காதில் தோடு போட்டேன். மற்றதைப் போடவில்லை. பந்தயம் பிடிக்க ஆள் இல்லாவிட்டால் உறை கிழிபடும் நேரம் வெறும் நேரம்தான். ஒருமுறை ரீவியோடு பேசிப் பார்த்தேன். என் குரல் அந்த அறைக்குப் பெரிதாக இருந்தது. மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று யார் வீட்டுக் கல்யாணத்தையோ பார்ப்பதுபோல் இருந்தது. சிறந்த நடிகைக்கு முன்னால் நிறுத்திவிட்டேன். யாருக்குக் கிடைத்தது என்று இன்னும் தெரியாது. நம் சட்டத்தை இப்போது நான் ஒருத்தி மட்டும் காக்கிறேன்.

இந்த மடலிலும் உன் பேர் இல்லை. உன் பேரை உனக்கு எழுதி என்ன? அது மற்றவர்கள் கேட்க வேண்டிய பேர்.

*

பஸ்ஸைத் திருத்தி ஓட்டினார்கள். அறைக்குப் போகாமல் நாவற்குடாவுக்கு வந்தேன். மாமி முன்னறையில் துவைத்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தா. ரீவிக்கு மேல் துணி போர்த்தியிருந்தது.

"வா மகள். இண்டைக்கு உங்கட விழா இரிக்காமே. போடவா?"

"வேணாம் மாமி."

"எனக்கும் வேணாம்."

நானும் கொஞ்ச நேரம் மடித்தேன். பிறகு, நான் பரிசு வாங்கினதை மச்சாள் பார்த்தாளா என்று கேட்டேன்.

"பாக்காம? போன நான்தான் புடிச்சிக்கிட்டு இரிந்தன். கை உளைஞ்சு போச்சு."

"சத்தம் கேட்டிச்சா?"

"வாட்டுக்கே கேட்டிச்சு. காலமையே, சீப்பால தலை இழுத்து விடுங்கம்மா எண்டாள். காதுத் தோட்ட எடுத்துத் தாங்க எண்டாள். நர்ஸ் மிஸ்மார் ரெண்டு பேரையும் கூப்பிட்டாள். அடுத்த கட்டில் அம்மாக்கு எழும்ப ஏலா, அவவயும் இந்தப் பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னாள். என்ட மச்சாள் ஏறின உடன என்ட பேர்தான் சொல்லுவாள், கேளுங்க எண்டாள்."

மாமி ஒரு சீலையை உதறி, நுனியை என்னிடம் தந்தா. நான் பிடித்துக்கொண்டேன்.

"மறுகா நீ இறங்கிட்டாய். ஒரு மிஸ்தான் கேட்டா, எங்க உங்கட பேரு எண்டு. இவள் சிரிச்சிக்கிட்டுச் சொல்றாள், அங்க நேரம் குடுக்கமாட்டானுகள் மிஸ், பின்னால இன்னும் ஆக்கள் நிக்காங்கதானே, ரெண்டு சொல்லுக்கு மேல விடமாட்டானுகள் எண்டு. எல்லாருக்கும் அதையே சொன்னாள். பின்னேரம் வந்த டொக்டருக்கும் சொன்னாள்."

சீலை மடிந்து முடிந்தது. நுனியோடு நுனி சேர்க்கும்போது மாமி என் முகத்துக்குக் கிட்ட நின்றா. குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டா.

"நேரம் குடுக்கல்லதானே மகள்?"

"ஓம் மாமி," என்றேன். "குடுக்கல்ல."

"அதானே," என்றா. அடுத்த உடுப்பை எடுத்தா.

பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தேன். மூன்று மணி தாண்டிவிட்டது. ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு அதே கைதட்டல். ஒரு வீட்டில் விட்ட இடத்திலிருந்து அடுத்த வீட்டில் கேட்டது. யாருக்கு என்று நின்று கேட்கவில்லை.

அந்தப் பொய்யை நீ எனக்காகத் தொடங்கினாய். இன்று அதை நானும் எனக்காகவே சொன்னேன். மாமி இருக்கும்வரை இனி இறக்கி வைக்க முடியாது. உனக்கு மட்டும் சொல்லலாம். நீ அன்றே அறிந்ததுதான்.

நேரம் இருந்தது மச்சாள். இரண்டு நிமிடம், முழுதாக இருந்தது.